அதிர்வும் ஓசையும் ஒன்றா?
மீட்டியர் 350 பற்றி ஓட்டுபவர்கள் சொன்னவை – ஒரு மதிப்பீடு

புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று விற்பனைக்கு வந்துவிட்டால், அதைப் பற்றிய கருத்துகள் அந்த வண்டியைவிட விரைவாக ஓடத் தொடங்கிவிடுகின்றன. 2020ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மீட்டியர் 350 என்னும் குரூசர் வகை வண்டியை வெளியிட்டபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. சென்னை கே.கே. நகர் போன்ற பகுதிகளில் இது வீட்டுச் செய்தி போலவே பேசப்பட்டது. இந்நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை 1955இல் வடசென்னைத் திருவொற்றியூரில் தொடங்கியதல்லவா? இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் ஆலைகள் இயங்குகின்றன. புல்லட் ஓட்டிய தந்தையும் வேறு வண்டி ஓட்டும் மகனும் ஒரே வீட்டில் இருக்கும் தெருக்கள் இங்கே பல.

ஆனால் கேட்ட கருத்துகளோ ஒன்றுக்கொன்று முரணானவை. “அதிர்வே இல்லை” என்றார் ஒருவர். “பழைய டப் டப் ஓசை போயிற்று, வண்டியின் உயிரே போயிற்று” என்றார் மற்றொருவர். “இழுவை போதாது”, “இழுவை தாராளம்” என்று இருவர். “சோபாவில் உட்கார்ந்தாற்போல் இருக்கிறது”, “இடுப்பு வலிக்கிறது” என்று வேறு இருவர். இவர்களில் யார் சொல்வது உண்மை?

பெரும்பாலும் எல்லாருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அளவை மட்டும் சொல்லி, அளந்த கோலைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். துணி மூன்று என்று சொல்லி, முழமா மீட்டரா என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது இது. வெளியீட்டின்போது இவ்வண்டியின் தொடக்க விலை 1.75 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். மாதத் தவணையில் அத்தொகையைக் கட்டுபவர், அரைகுறைக் கருத்தை நம்பி ஏமாறுவது நியாயமன்று. எனவே இக்கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அறிவியல் முறையில் ஆராய்வோம்.

அதிர்வு எங்கே போயிற்று?

மீட்டியரின் எந்திரம் ஒற்றை சிலிண்டர் கொண்டது. சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 85.8 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் சூத்திரத்தில் இவற்றை இட்டுப் பாருங்கள். 349 கன செண்டிமீட்டர் வரும். இதற்கு முன்னிருந்த தண்டர்பேர்டு 350 வண்டியில் விட்டம் 70, நகர்வு 90 மில்லிமீட்டர். கன அளவு 346.

பிஸ்டன் மேலே சென்று நின்று, திரும்பிக் கீழே வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது வண்டியின் சட்டத்தை உதைக்கிறது. கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற, இவ்வுதைப்பு மேலும் கீழுமாக ஒரு முறை முழுமை பெறுகிறது. இவ்விசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. நிமிடத்திற்கு 3,000 சுற்றிலிருந்து 6,000 சுற்றுக்குச் சென்றால் விசை நான்கு மடங்காகும். பழைய வண்டியில் வேகம் ஏற ஏறக் கைப்பிடியும் கண்ணாடியும் நடுங்கியதற்குக் காரணம் இதுவே.

கிராங்கில் எதிர் எடை ஒன்றை வைத்து இவ்விசையைப் பாதியளவு அடக்கலாம். முழுவதும் அடக்க முயன்றால், அந்த எடையே முன்னும் பின்னுமாக உதைக்கத் தொடங்கிவிடும். மீட்டியரில் கிராங்கின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுழலும் சமன்தண்டு ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. மீதமுள்ள மேல்கீழ் உதைப்பையும், எதிர் எடையால் விளைந்த முன்பின் உதைப்பையும் அது ஒருங்கே குறைக்கிறது. முந்தைய எந்திரத்தில் இத்தண்டு இல்லை.

எனவே தண்டர்பேர்டிலிருந்தோ பழைய புல்லட்டிலிருந்தோ இறங்கி வந்தவர் “அதிர்வே இல்லை” என்பது இயல்பு. கிராங்கின் இருமடங்கு வேகத்தில் எழும் சிறு அதிர்வு ஒன்று எஞ்சியிருக்கிறது; அதனை இத்தண்டு தொடுவதில்லை. இரட்டை சிலிண்டர் வண்டியிலிருந்து வருபவர் உயர் வேகத்தில் அதனை உணரக்கூடும். இருவரும் ஒரே வண்டியைத்தான் ஓட்டினர். ஒப்பிட்ட வண்டிகள்தாம் வேறு.

ஓசை பற்றிய மயக்கம்

“அதிர்வை எடுத்தார்கள்; அதனோடு ஓசையும் போயிற்று” என்பது பலரும் சொல்லிய குறை. இங்கே இருவேறு நிகழ்ச்சிகள் ஒன்றாகக் குழப்பப்பட்டுள்ளன.

நான்கு வீச்சு எந்திரத்தில் எரிபொருள் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வாயு சைலன்சர் வழியே வெளியேறும் துடிப்பே நாம் கேட்கும் ‘டப்’. அதிர்வோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பிஸ்டனின் எடையால் எழுவது. ஆகவே சமன்தண்டு ஓசையை விழுங்க வழியில்லை.

வண்டி நிற்கும்போது எந்திரம் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். வினாடிக்கு எட்டு வெடிப்புகள். செவி அவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. 4,000 சுற்றில் வினாடிக்கு 33 வெடிப்புகள். வினாடிக்கு ஏறத்தாழ இருபதுக்கு மேற்பட்டால் செவி அவற்றை ஒரே தொனியாகக் கொள்கிறது. ஓசையின் தன்மையை அமைப்பவை இச்சுற்று வேகமும், சைலன்சரின் உள்ளமைப்பும், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை-6 புகை விதிகளுக்காக அதில் அமைந்த வினையூக்கி அறையுமாகும். ஓசை குறைந்ததென்று வருந்துபவர் வருந்தலாம். அது அவரவர் சுவை. ஆனால் அதற்காகச் சமன்தண்டின் மேல் பழி போடலாகாது.

இழுவை: தாராளமா, போதாதா?

இவ்வெந்திரத்தின் உயர் திறன் 6,100 சுற்றில் 20.2 குதிரைத் திறன். உயர் திருப்பு விசை 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர். இவ்விரண்டு எண்களிலேயே இவ்வழக்கிற்குத் தீர்ப்பு உள்ளது.

திருப்பு விசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். 4,000 சுற்றில் அது சுமார் 11,300 வாட். அதாவது 15 குதிரைத் திறன். ஆக, 4,000 சுற்றிலேயே முக்கால் பங்குத் திறன் கைக்கு வந்துவிடுகிறது. மேலும் 2,100 சுற்று உயர்த்தினாலும் கிடைப்பது ஐந்து குதிரைத் திறனே. முனுசாமி சாலையின் நெரிசலில் கியரை அடிக்கடி மாற்றாமலே செல்ல முடிவது இதனால்தான். “இழுவை தாராளம்” என்றவர் நகருக்குள் ஓட்டியவர்.

நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குச் சென்றால், அதற்கான திறன் ஏறக்குறைய இருமடங்காக வேண்டும். அங்கே எந்திரத்திடம் மிச்சமிருப்பது கொஞ்சமே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தை முந்த முயன்றவர் “போதாது” என்றதும் பொய்யன்று. முந்துவதற்குச் சாலையில் நீண்ட இடைவெளி வேண்டும் என்பதை இவ்வண்டியை ஓட்டுபவர் மனத்தில் கொள்ள வேண்டும். இது உயிரைத் தொடும் செய்தி.

எடையும் இடுப்பும்

வண்டியின் எடை 191 கிலோகிராம். இருக்கையின் உயரம் 765 மில்லிமீட்டர். “கனம்” என்பவரும் “உயரம் குறைந்தவருக்கு ஏற்றது” என்பவரும் இங்கே மோதிக்கொள்கின்றனர். வண்டி நின்ற நிலையில் சாயும்போது அதைக் கவிழ்க்கும் திருப்பு விசை, எடையையும் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும் பொறுத்தது. இருக்கை தாழ்ந்திருப்பதால் இரு பாதங்களும் நன்றாகத் தரையில் ஊன்றும். சிறு சாய்வைக் காலாலேயே தடுத்துவிடலாம். ஆனால் மாடி வீட்டின் குறுகிய வாயிலில் இறங்கி நின்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது, 191 கிலோவும் தன் கணக்கைக் கேட்கும்.

இடுப்பு வலிக்குக் காரணம் அமரும் முறை. குரூசர் வண்டியில் கால்கள் முன்னோக்கி நீள்கின்றன. சமமான சாலையில் இது ஓய்வான நிலை. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது, சாதாரண வண்டியில் போலக் கால்களை ஊன்றி உடலைச் சற்றே தூக்குவது எளிதன்று. உதைப்பு முழுவதும் இருக்கை வழியே முதுகுத் தண்டின் அடிக்குச் செல்கிறது. மழைக்குப் பின் தோண்டிய தெருக்களில் நாள்தோறும் செல்பவர் ஒரு திங்களில் உணர்வதை, புதுச்சேரிக்கு ஒருமுறை சென்று வந்தவர் உணரார்.

வெப்பமும் இவ்வாறே. எந்திரம் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படுவது. ஓடும்போது காற்று தன் வேலையைச் செய்கிறது. மே மாத நண்பகலில் அசோக் தூண் சைகை விளக்கருகே நிற்கும்போது காற்று ஏது? கால்களில் சூடு படுவதாகச் சொன்னவர் நின்று நின்று சென்றவர்.

கேட்கப்படாத கருத்து

இத்தனை கருத்துகளிலும் பெரும்பாலும் காணப்படாத ஒன்று உண்டு: பின்னால் அமர்பவரின் கருத்து. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் குடும்ப வண்டி. சேலை உடுத்து ஒருபுறமாக அமரும் தாயோ மனைவியோ அதில் பயணிப்பவர். பின்னிருக்கையில் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும், ஆடை சிக்காதவாறு பின் சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டுமென்று மத்திய மோட்டார் வாகன விதி வகுத்திருக்கிறது. ஓட்டுபவர் தம் இருக்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். பின்னிருக்கை அகலமா, வேகத்தடையில் தூக்கிப் போடுகிறதா என்று பின்னால் இருந்தவரைக் கேட்பவர் சிலரே.

கணக்கும் இதனால் மாறுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் தனியே சென்றால் மொத்தம் 261 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பின்னால் ஏறினால் 321. அதே உந்து விசைக்கு முடுக்கம் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடும். பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை ஆறு நிலைகளில் மாற்றும் வசதி இவ்வண்டியில் உண்டு. தனியே செல்லும் நிலையில் வைத்துக்கொண்டு இருவராகச் சென்று, “சாக் சரியில்லை” என்று முடிவு கூறுவது எந்திரத்தின் குற்றமாகாது.

கருத்தை எடைபோடும் முறை

என் மதிப்பீடு இது. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில், தனியாகவோ இலேசான துணையோடோ நெடுந்தொலைவு செல்பவருக்கு மீட்டியர் நன்கு அமைந்த வண்டி. அதிர்வை அடக்கியது அதன் உண்மையான சாதனை. கே.கே. நகரிலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் நெரிசலில் சென்று திரும்புவதே பயன் என்றால், எடைக்கும் வெப்பத்திற்கும் முதுகு உதைப்பிற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாத பாராட்டும் பழிப்பும் வாங்குபவருக்கு உதவா.

ஆகவே யார் கருத்துச் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வண்டியோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்? எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை நாள் ஓட்டினீர்? உங்கள் உயரமும் எடையும் என்ன. பின்னால் யார் இருந்தார்? “லிட்டருக்கு இத்தனை” என்று ஒருவர் சொன்னால், தொட்டியை நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓடி, மீண்டும் அதே அளவு நிரப்பி, ஓடிய தொலைவை ஊற்றிய பெட்ரோலால் வகுத்தாரா என்று கேளுங்கள்.

விற்பனை நிலையத்தில் ஓட்டிப் பார்க்கத் தரும் பத்து நிமிடத்தையும் இப்படியே பயன்படுத்தலாம். நேர்ச் சாலையில் விரட்டிப் பார்ப்பதை விட்டு, ஒரு வேகத்தடை, ஒரு குறுகிய திருப்பம், எந்திரம் ஓட இரண்டு நிமிட நிறுத்தம் ஆகியவற்றைச் சோதியுங்கள். பின்னர் வீட்டில் உடன் வரப்போகிறவரைப் பின்னால் அமர்த்தி அதே சுற்றை மீண்டும் செல்லுங்கள். இருவருக்கும் தலைக்கவசம் இருக்கட்டும். திரும்பி வந்ததும் முதலில் அவருடைய கருத்தைக் கேளுங்கள்.