பறவைக்கு ஒரு கண்

மலைப்பொழிவில் ஆண்டவர் வானத்துப் பறவைகளை உற்றுநோக்கச் சொன்னார், பிடிக்கச் சொல்லவில்லை. நோக்குவதற்கும் பிடிப்பதற்கும் இடையே உள்ள எல்லை எது என்று நம்மை எண்ணவைக்கும் நூல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. பிரிட்டனின் பறவை ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1970இல் வெளியிட்ட தன்வரலாறு அது. அதன் தலைப்பைப் 'பறவைக்கு ஒரு கண்' எனத் தமிழாக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டார் பறவையைப் பெரும்பாலும் சுட்டு வீழ்த்தியே ஆராய்ந்தனர். கியர்ட்டன் சகோதரர்கள் 1895இல் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய ஒளிப்பட நூல், துப்பாக்கியின் இடத்தில் படப்பெட்டியை வைத்தது. ஹாஸ்கிங் (1909-1991) அம்மரபில் வந்தவர். கூட்டருகே மறைவிடம் அமைத்து, அதனுள் நெடுநேரம் அசையாது காத்திருப்பது அவர் முறை. அப்பொறுமையில் தவத்தின் சாயல் உண்டு என்பதை மறுக்க இயலாது.

1937இல் வேல்ஸ் நாட்டில், குஞ்சுகளைக் காத்துநின்ற பழுப்பு ஆந்தை ஒன்று இரவில் பாய்ந்து அவரைத் தாக்கியது. இடக்கண்ணை அவர் இழந்தார். நூலின் தலைப்பில் ஒலிக்கும் சிலேடை இதுவே. ஆயினும் அவர் ஆந்தைகளை வெறுக்கவில்லை. வயலெலியை அலகில் கவ்வி, சிறகு விரித்துவரும் கூகையின் புகழ்பெற்ற படத்தை 1948இல் எடுத்தவர் அவரே. 1982இல் ஆந்தைகளுக்கென்றே ஒரு நூலும் வெளியிட்டார். தன்னைக் காயப்படுத்திய உயிரினத்தின்மீது பகை பாராட்டாத இவ்வுள்ளமே அவர் வாழ்வின் பெருஞ்சிறப்பு.

எனினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. கூட்டருகே எடுக்கும் படத்திற்குப் பறவை தானாக இசைந்து வருவதில்லை. அஞ்சினாலும் அது திரும்பி வந்தாக வேண்டும். ஏனெனில் குஞ்சுகள் பசித்திருக்கின்றன. பெற்ற பாசத்தையே தூண்டிலாக்கும் கலை இது. மிரண்ட பறவை வர மறுத்தால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். வானகத் தந்தை பறவைகளுக்கு உணவளிக்கிறார் என்றார் ஆண்டவர். தாய்ப்பறவையின் அலகு வழியாகவே அவ்வுணவு குஞ்சுகளை வந்தடைகிறது. அவ்வழியில் குறுக்கே நிற்க நமக்கு என்ன உரிமை? அழகைப் போற்றுகிறோம் என்ற நல்லெண்ணம் மட்டும் இதற்கு விடையாகாது.

பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இக்கேள்விக்கு ஒரு விடை தந்தது. தனிப்பட்டியலில் உள்ள பறவைகளைக் கூட்டில் வேண்டுமென்றே கலைப்பது குற்றம். அவற்றைக் கூட்டருகே கலைக்கும்படியாகப் படமெடுக்க உரிமம் வேண்டும். ஹாஸ்கிங் புகழ்பெறச் செய்த கூகையும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

நூலை விரும்பிப் படிக்கலாம். அந்த மனிதரை மதிக்கவும் செய்யலாம். ஆனால் அவர் படங்களின் அழகில் மயங்கும்போது, அந்த ஆந்தை ஏன் பாய்ந்தது என்பதையும் நினைவில் கொள்வோம். அது தீமை செய்யவில்லை. தன் குஞ்சுகளைக் காத்தது. படைப்பை அன்புடன் நோக்குபவன், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதையும் கற்றாக வேண்டும்.