செரிக்காத மாவுச்சத்தும் வயிற்றுப்போக்கும்: பி. எஸ். இராமகிருஷ்ணாவின் ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

குடல் நோய் மருத்துவர் பி. எஸ். இராமகிருஷ்ணா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது தம் குழுவினருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுகளில் பரவலாக அறியப்பட்டது காலரா நோயாளிகளைப் பற்றியது. 2000ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அது வெளிவந்தது. அமெரிக்காவின் ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோரும் அதில் பங்கேற்றனர்.

ஆய்வின் கேள்வி

உப்பும் குளுக்கோசும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் சிறுகுடல் வழியாக உடலுக்கு நீரைத் திருப்பித் தருகிறது, உயிரைக் காக்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கை அது நிறுத்துவதில்லை. குழந்தைக்குப் போக்கு நிற்காததைப் பார்க்கும் தாய், கரைசலால் பயனில்லை என்று கைவிட்டுவிடலாம். இந்தக் குறையைத் தீர்க்கப் பெருங்குடலைப் பயன்படுத்த முடியுமா என்பதே இராமகிருஷ்ணாவின் கேள்வி.

இதற்கான அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. கடும் வயிற்றுப்போக்கில் பெருங்குடல் நீரை உறிஞ்சும் திறன் குன்றுவதையும், அதில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் பங்கையும் அவரும் வி. ஐ. மாத்தனும் 1993இல் 'கட்' இதழில் எழுதினர். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடைந்தால், அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கச் செய்து இந்த அமிலங்களை உண்டாக்கும். அவை உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டும்.

கண்டறிந்தவை

48 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வழக்கமான கரைசலைப் பெற்றனர். மற்ற இரு குழுவினருக்கும் அக்கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் வீதம் அரிசி மாவோ அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவோ சேர்த்துத் தரப்பட்டது. வயிற்றுப்போக்கு நீடித்த சராசரி நேரம் வழக்கமான கரைசலில் 90.9 மணி, அரிசி மாவில் 70.8 மணி, மக்காச்சோள மாவில் 56.7 மணி. 24 முதல் 48 மணி வரையிலான மல எடையும் வழக்கமான கரைசலைவிட மக்காச்சோள மாவில் கணிசமாகக் குறைந்தது.

வலிமையும் வரம்பும்

உடலியங்கியல் கருத்து ஒன்றை நோயாளியின் படுக்கை வரை கொண்டுவந்து சோதித்ததே இப்பணியின் பெரும் வலிமை. அரிசி மாவுக்குத் தனிக் குழு வைத்ததும் நேர்மையான ஏற்பாடு. அது இல்லையெனில், எந்த மாவைச் சேர்த்தாலும் இதே பயன் கிடைக்குமோ என்ற ஐயம் நீங்கியிராது.

வரம்புகளும் உள்ளன. குழுவுக்கு 16 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. நீரில் கரையாமல் அடியில் தங்கும் மாவை நோயாளிக்கும் செவிலியருக்கும் தெரியாமல் தருவதும் கடினம். மேலும், பெரியவர்களிடம் கண்ட பயன் குழந்தைகளிடம் அதே அளவில் தோன்றவில்லை. 2006இல் வேலூர்க் குழு 178 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், முதல் கெட்டியான மலம் வருவதற்கான இடைநிலை நேரம் 21.5 மணியிலிருந்து 18.25 மணியாக மட்டுமே குறைந்தது. கடும் ஊட்டக்குறைவும் காலராவும் கொண்ட குழந்தைகளிடம் டாக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆய்விலோ, அரிசிக் கரைசலே முன்னின்றது. ஆகவே வேலூர் கண்ட வரிசை எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

கஞ்சியும் பழைய சோறும்

சிங்காநல்லூர் உள்ளிட்ட கொங்குப் பகுதி வீடுகளில், வயிறு கெட்டால் உப்பிட்ட அரிசிக் கஞ்சி கொடுப்பது பழக்கம். இந்த ஆய்வைக் காட்டிப் பழைய சோறே மருந்து என்று வாதிடுவோர் உண்டு. சோறு ஆறும்போது செரிக்காத மாவுச்சத்து ஓரளவு கூடுவது உண்மைதான். ஆனால் ஆய்வில் பயன்பட்டது அளந்து சேர்த்த தனிவகை மாவு, அதுவும் ஓ.ஆர்.எஸ். கரைசலுடன் சேர்த்தே தரப்பட்டது. உப்பு அளவு தெரியாத கஞ்சியை அக்கரைசலுக்கு மாற்றாகக் கொள்ள இந்த ஆய்வில் இடமில்லை.

2002இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த செறிவு குறைந்த கரைசலிலும் சர்க்கரை குளுக்கோசே. வேலூர் ஆய்வு அந்தப் பொட்டலத்தை மாற்றவில்லை. ஆயினும், வயிற்றுப்போக்குச் சிகிச்சையில் கருதப்படாதிருந்த பெருங்குடலைச் சிகிச்சைக்குரிய உறுப்பாகக் காட்டியது. அதன் நிலைத்த பயன் அதுவே.