பறவையின் பெயரும் மனத்தின் ஆழமும்: பிராய்டின் லியனாடோ ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

மனித மனம் பற்றிய சிந்தனையில் சிக்மண்ட் பிராய்ட் விளைவித்த மாற்றம் மருத்துவத் துறையோடு நின்றுவிட்டதொன்றன்று. நனவு மனத்தின் அடியில் நாம் அறியாவண்ணம் இயங்கும் நனவிலி மனம் ஒன்று உண்டு. ஏற்கவொண்ணாத விருப்பங்கள் அங்கே ஒடுக்கப்படுகின்றன. ஒடுக்கப்பட்டவை கனவாகவும் நாப்பிறழ்வாகவும் நோய்க்குறியாகவும் உருமாறி வெளிப்படுகின்றன என்னும் அவரது கோட்பாடு, கலை இலக்கியங்களை நோக்கும் முறையையும் மாற்றியது. 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த கனவு விளக்க நூலிலேயே சொபொகிளிசின் ஈடிப்பசையும் ஷேக்ஸ்பியரின் ஹம்லெற்றையும் அவர் தம் கருத்துக்குச் சான்றுகளாக அழைத்தார். ஹம்லெற் பற்றிய அச்சிறு குறிப்பை ஏர்ணெஸ்ட் ஜோன்ஸ் விரித்து, 1949இல் தனி நூலாகவே தந்தார். அதன்பின் உளப்பகுப்பாய்வைப் புறக்கணித்து விமர்சனம் எழுத முனைந்தோரும் அதனோடு வாதிட்டே எழுத வேண்டியவராயினர்.

இம்முறையின் பயனும் எல்லையும் யாவை என்பது அடிக்கடி எழுப்பப்படும் வினா. அதற்குப் பொதுப்பட விடை கூறுவதிலும், பிராய்டே கையாண்ட ஓர் எடுத்துக்காட்டை நுணுகி நோக்குவது தக்கது என நாம் கருதுகிறோம். 1910இல் வெளிவந்த லியனாடோ டா வின்சி பற்றிய அவரது சிறுநூலே அவ்வெடுத்துக்காட்டு. ஒரு கலைஞனின் வாழ்வை உளப்பகுப்பாய்வினால் விரிவாக விளக்க அவர் மேற்கொண்ட முதன் முயற்சி அதுவாகும்.

லியனாடோவின் குறிப்பேடுகளில், பறவைகளின் பறத்தல் பற்றி எழுதப்பட்ட ஓரிடத்தில், அவர் தம் குழந்தைப் பருவ நினைவொன்றைக் கூறுகிறார். தொட்டிலிற் கிடந்த தம்மிடம் ஒரு பறவை இறங்கி வந்து, தன் வாலினால் வாயைத் திறந்து, உதடுகளின் உட்புறத்திற் பலமுறை தட்டிற்று என்பது அது. இது உண்மையில் நிகழ்ந்ததன் நினைவாக இருத்தல் அரிது. பிற்காலத்தில் உருவாகிக் குழந்தைப் பருவத்தின்மீது ஏற்றப்பட்ட கற்பனையே என்பது பிராய்டின் முதற் கருத்து. வாயினுட் புகும் வாலில், தாயிடம் பாலருந்திய அனுபவத்தின் உருமாற்றத்தையும் அவர் கண்டார்.

இதுவரை அவர் நூலாசிரியனின் கூற்றோடு ஒட்டி நிற்கிறார். அடுத்து எடுத்துவைக்கும் அடியே ஆய்வுக்குரியது. அப்பறவை பிணந்தின்னிக் கழுகு எனக் கொண்டு அவர் எகிப்துக்குச் செல்கிறார். அங்கே முட் என்னும் தாய்த் தெய்வம் கழுகுத் தலையோடு சித்திரிக்கப்பட்டாள். கழுகினத்தில் ஆண் இல்லை, பெண் கழுகுகள் காற்றினாற் கருவுறும் என்னும் பழைய நம்பிக்கையைத் திருச்சபைத் தந்தையர் சிலர் கன்னித் தாய்மைக்குச் சான்றாக எடுத்தாண்டனர். லியனாடோ 1452இற் கத்தரீனா என்னும் பெண்ணுக்கு மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவர். ஆகவே தந்தையற்ற குழந்தையாய்த் தாயுடன் மட்டும் அவர் முதல் ஆண்டுகளைக் கழித்தார் என்றும், கழுகுக் கற்பனை அவ்வாழ்வின் சுவடு என்றும் பிராய்ட் முடிவுசெய்தார். புனித அன்னம்மாளும் மரியாளும் குழந்தையும் அமைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் இரு பெண்களும் ஒத்த வயதினராய்த் தோன்றுவதை, பெற்ற தாயும் சிற்றன்னையுமாக இரு அன்னையரைக் கண்ட மகனின் நினைவாகவும் விளக்கினார். அவ்வோவியத்தின் ஆடை மடிப்பிலே கழுகின் வடிவம் மறைந்திருப்பதாக ஒஸ்கார் பிஸ்ரர் கூற, பிராய்ட் அதனையும் தம் நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பிற் குறிப்பாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆயின், லியனாடோ கழுகு என எழுதவில்லை. அவர் எழுதிய இத்தாலியச் சொல் 'நிப்பியோ' என்பது. அதன் பொருள் பருந்து. பிராய்ட் நம்பிய ஜேர்மன் மொழிபெயர்ப்புகளில் அது கழுகாகியிருந்தது. இத்தவறு 1923இலேயே எரிக் மக்ளகனாற் சுட்டிக்காட்டப்பட்டது. பிராய்டின் ஆக்கங்களை ஆங்கிலத்திற் பதிப்பித்த ஜேம்ஸ் ஸ்ரேச்சியும் 1957இல் இதனை ஒப்புக்கொண்டார். பருந்தையும் பிணந்தின்னிக் கழுகையும் வேறுபடுத்திக் காணும் எவருக்கும் இதன் விளைவு எளிதிற் புலனாகும். முட் தெய்வமும், காற்றினாற் கருவுறும் கழுகும், ஆடையில் மறைந்த வடிவமும் ஒருசேர வலுவிழக்கின்றன. லியனாடோவின் பாட்டனார் பேரனின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் குறித்துவைத்த பதிவு 1939இல் வெளியிடப்பட்டது. அது, பிறப்பிலேயே தந்தையின் குடும்பம் குழந்தையை ஏற்றிருக்கலாம் என எண்ண இடமளிக்கின்றது.

இதனைக் கொண்டு உளப்பகுப்பாய்வு முழுவதும் பொய் என்பாரும் உளர். ஒரு சொற்பிழை பெரிதன்று, மையக்கருத்து நிலைபெறுகிறது என்பாரும் உளர். இவ்விரு முடிவுகளையும் நாம் ஏற்பதற்கில்லை. பிந்திய சாராரிடம் ஓரளவு நியாயம் உண்டு. நினைவு எனப்படுவது பிற்காலக் கற்பனையாக இருத்தல் கூடும் என்னும் கருத்தோ, வாயும் வாலும் பற்றிய விளக்கமோ பறவையின் இனத்தைச் சார்ந்திருக்கவில்லை. எனினும் பிழையின் தன்மையை அவர்கள் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

இவ்விடத்தில், கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பிரோ 1956இல் எழுதிய கட்டுரை மிக்க பயனுடையது. பெரியோரின் குழந்தைப் பருவத்தில் வாயருகே ஓர் உயிரினம் வந்து எதிர்காலத்தை உணர்த்தும் கதை பழைய மரபு என்பதை அவர் காட்டினார். பிளேட்டோவின் உதடுகளில் தேனீக்கள் அமர்ந்தன. மிடாசின் வாயில் எறும்புகள் தானியம் வைத்தன. பருந்தின் வாலசைவைக் கண்டே மனிதர் கப்பலின் சுக்கானை அறிந்தனர் எனப் பிளினி கூறுவதால், பறத்தலை ஆராய்ந்த லியனாடோ பருந்தையும் அதன் வாலையும் தம் ஊழின் குறியாகக் கொண்டதில் வியப்பில்லை. அன்னம்மாளை இளமையோடு காட்டுவதும் லியனாடோவுக்கே உரிய தனிப்புதுமையன்று என அவர் வாதிட்டார்.

ஷப்பிரோ எடுத்துக்காட்டிய மற்றொரு செய்தியை நாம் அனைத்தினும் முதன்மையாகக் கருதுகிறோம். விலங்குகளின் குணங்களைத் தொகுத்த தம் குறிப்புகளிலே லியனாடோ பருந்தைப் பொறாமைக்கு உவமையாக்குகிறார். கூட்டிலே தன் குஞ்சுகள் கொழுப்பதைக் கண்டு பொறாது, அவற்றின் விலாவைக் கொத்தி, இரையின்றி வாட்டும் பறவை அது. பிராய்ட் கண்டது பாலூட்டி முத்தமிடும் அன்னை. லியனாடோவின் சொந்த ஏட்டில் இருப்பதோ குஞ்சைப் பட்டினியிடும் பெற்றோர். நனவிலி மனத்தை நாடும் ஆய்வாளனுக்கு இதனிலும் பொருள் பொதிந்த சான்று வேறெங்குக் கிடைக்கும்?

இங்கேதான் பிழையின் உண்மை இயல்பு வெளிப்படுகிறது. கனவு கண்டவரின் சொல்லை அப்படியே ஏற்று, அச்சொல் அவர் உள்ளத்தில் எழுப்பும் தொடர்புகளைப் பின்தொடர்க என்பது பிராய்ட் வகுத்த விதி. நோயாளி முன்னிருக்கும்போது அவ்விதியைக் காப்பது எளிது. தவறாகக் கேட்ட சொல்லை அவரே திருத்துவார். இறந்த கலைஞன் திருத்துவதில்லை. அவன் விட்டுச்சென்ற ஏடுகளே அவனுக்காகப் பேச வல்லவை. அவ்வேடுகளில் இருந்த தொடர்பை விட்டு எகிப்தில் இருந்ததை நாடியபோது, பிராய்ட் தம் முறையிலிருந்தே விலகினார். எனவே இந்நூலின் குறை உளப்பகுப்பாய்வு மிகுந்ததனால் வந்ததன்று. அது வேண்டிநின்ற செவிக்கூர்மை குறைந்ததனால் வந்தது என்பதே நம் முடிபு.

பிராய்டின் நேர்மையையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். தம் நூலை உளவியற் புனைகதை எனச் சிலர் கூறக்கூடும் என அவரே முன்னுணர்ந்தார். கலைத்திறனின் இயல்பை உளப்பகுப்பாய்வு விளக்கவியலாது என்றும் ஒப்புக்கொண்டார். அவரைப் பின்பற்றியோர் பலரிடம் இவ்வடக்கம் காணப்படவில்லை. ஹம்லெற்றின் தயக்கத்தை நோயாளியின் தயக்கமாகவே வாசிப்பவர், அவனுக்கு நாடகத்திற்கு அப்பாற் குழந்தைப் பருவம் ஏதும் இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

தமிழில் இக்கோட்பாடுகளைப் பயில்வோர்க்கு இவ்வரலாறு தனிப்பட்ட எச்சரிக்கையாகும். நம்மிற் பெரும்பாலோர் பிராய்டை ஆங்கிலத்தின் வழியே அறிந்தோம். ஜேர்மன் மொழியில் 'நான்', 'அது' என்னும் எளிய சொற்களாய் இருந்தவை ஆங்கிலத்தில் 'ஈகோ', 'இட்' என்னும் இலத்தீன் கலைச்சொற்களாயின. அவற்றை நாம் 'அகம்' என்றும் வேறாகவும் மீண்டும் பெயர்த்துள்ளோம். சிறு பிள்ளையும் தன்னைச் சுட்டிக் கூறும் ஒரு சொல், ஆய்வுகூடத்து உறுப்பொன்றின் பெயர்போல் நம்மை வந்தடைந்தது. மூன்றாங் கையாய்ப் பெற்ற சொற்களைக் கொண்டு ஒரு நூலின் ஆழ்மனத்தைத் துணிந்துரைக்குமுன், அந்நூலின் சொல்லை அதன் மொழியிலும் மரபிலும் வைத்து உணர்ந்தோமா என நாம் வினவுதல் வேண்டும். ஒரு பருந்தின் பெயரைச் சரியாகக் கேட்டிருந்தால், பிராய்ட் எழுதியதினும் ஆழமான நூலொன்று அவரிடமிருந்தே நமக்குக் கிடைத்திருக்கக்கூடும்.