பளபளப்பின் ஆயுள்

மாதம் ஒரு ஃபேஷியல் செய்துகொள்ளாவிட்டால் முகம் பாழாகிவிடும் என்ற நம்பிக்கை நகரத்தைத் தாண்டி வட்டத் தலைநகரங்களுக்கு வந்து வெகுநாளாகிறது. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் உள்ள வேப்பந்தட்டையும் அதற்கு விலக்கல்ல. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். காட்டுவேலைக்குப் போகிற தாயும் கல்லூரிக்குப் போகிற மகளும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இருவர் முகத்திலும் விழுவது ஒரே வெயில்தான். சருமப் பராமரிப்பு என்ற பேச்சு மட்டும் மகளிடமே பேசப்படுகிறது.

பார்லரில் நடப்பதை முதலில் பார்ப்போம். க்ளென்சிங் மில்க் தடவித் துடைப்பார்கள். சொரசொரப்பான ஸ்க்ரப்பால் தேய்ப்பார்கள். ஆவி பிடிக்கவைத்து, மூக்கோரத்துக் கரும்புள்ளிகளைக் கம்பிமுனையால் அழுத்தி எடுப்பார்கள். பிறகு க்ரீம் வைத்து மசாஜ், கடைசியில் பேக். எழுந்து கண்ணாடி பார்த்தால் முகம் மினுங்கும். அது பொய்யான மினுக்கமில்லை. இறந்த செல்கள் உதிர்ந்திருக்கும், தேய்த்ததில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும், க்ரீமின் ஈரம் தோலில் தங்கியிருக்கும். ஆனால் மேல்தோல் ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது. உதிர வேண்டியது பார்லருக்குப் போகாமலே உதிரும். ரத்த ஓட்டம் சில மணி நேரத்தில் அடங்கும், ஈரம் ஓரிரு நாளில் காயும். கோல்டு, டைமண்ட் என்று பெயர் ஏற ஏறக் கட்டணம்தான் ஏறுகிறது. பளபளப்பின் ஆயுள் நீளுவதில்லை.

அப்படியானால் ஃபேஷியல் வீண் செலவா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். வீட்டிலும் வெளியிலும் மற்றவர்களுக்கே உழைக்கிற ஒருத்தி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க, இன்னொருத்தி அவள் நெற்றியை நீவிவிடுகிறாள். இதை மருத்துவக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் காசு கொடுத்து வாங்கத் தகுந்த சுகம். நீவிவிடுகிறவளுக்கும் அது பிழைப்பு. சொந்த ஊரிலேயே, யாரிடமும் கைகட்டி நிற்காமல், ஒரு பெண் நடத்தக்கூடிய தொழில்களில் பார்லர் ஒன்று. ஓய்வு என்று விற்றால் எனக்கு வழக்கே இல்லை. வைத்தியம் என்று விற்கும்போதுதான் சிக்கல்.

பருவோடு வருகிற பெண்ணுக்கு ஸ்க்ரப்பும் அழுத்தமான மசாஜும் ஆகாது. பரு மேலும் கிளறும். பிதுக்கிய இடத்தில் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கரும்புள்ளி விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். கன்னத்தில் மங்கு விழுந்தவருக்கு ப்ளீச் போடுவது இன்னும் மோசம். ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்த அந்தக் கலவை முகத்து முடியின் கருமையை வெளிறவைக்கிறது, அதனால் முகமே வெளுத்ததுபோலத் தெரிகிறது. எரிச்சல் பட்ட தோலோ ஆறும்போது மேலும் கறுக்கும். கறுத்ததைப் போக்க அடுத்த ப்ளீச்.

பார்லரைவிடப் பெரிய கேடு மருந்துக் கடையில் இருக்கிறது. ஃபேஷியல் பளபளப்பு நிலைக்கவில்லை என்று ஏமாந்தவர்களின் அடுத்த படி, பெரும்பாலும், யாரோ சொன்ன ஒரு ட்யூப். அதில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு வாரம் அற்புதம்: பரு அடங்கும், நிறம் வெளுக்கும், பார்ப்பவர்கள் கேட்பார்கள். பிறகு தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், முகத்தில் பூனைமுடி வளரும், வெயிலில் தலைகாட்டினால் எரியும். நிறுத்தினால் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பும். அதனால் நிறுத்த முடிவதில்லை. 2011இல் வெளியான ஆய்வொன்றில், நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினைகளோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய க்ரீம் தடவிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. 2018இல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. சட்டம் டெல்லியில் மாறிய வேகத்தில் கடை மேசையில் மாறவில்லை என்பது சீட்டில்லாமல் களிம்பு வாங்கிய எவருக்கும் தெரியும்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே ஒரு வகைச் சிறுநீரகக் கோளாறு வழக்கத்துக்கு மாறாகக் கூடியது. அந்தக் கோளாறின் ஒரு குறிப்பிட்ட உள்வகை கண்ட 15 நோயாளிகளில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். காரணமாகக் கருதப்பட்டது க்ரீமில் இருந்த பாதரசம். 1975இல் சந்தைக்கு வந்த சிவப்பழகு க்ரீமான ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது, சரி. ஆசை எங்கே போயிற்று? இன்று பார்லர்களில் அது 'டீடேன்', 'க்ளோ' என்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு பராமரிப்பு முறை நலத்துக்காகவா நிறத்துக்காகவா என்று பாருங்கள்; மேலே சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவை இரண்டாவதில் பிறந்தவை.

அன்றாடப் பராமரிப்பின் பக்கம் சான்று வலுவாக இருக்கிறது. மென்மையான சோப்பில் முகம் கழுவுவது, வறண்டால் மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது: நாள்தோறும் சன்ஸ்க்ரீன் பூசியவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. அங்கே பெரும்பாலும் வெள்ளைத்தோல். அந்த 24 சதவீதத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது. மங்குக்கு வெயில் மறைப்புதான் முதல் வைத்தியம் என்பதில் மட்டும் நம் ஊர்த் தோல் மருத்துவர்களிடமும் இரண்டு கருத்தில்லை.

ஆனால் சன்ஸ்க்ரீன் யாருக்குக் கட்டுப்படியாகும்? முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 1 கிராம் வேண்டும். வியர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காட்டில் நாள் முழுக்க நிற்பவருக்கு 50 கிராம் ட்யூப் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். நல்ல சன்ஸ்க்ரீன் ட்யூப் ஒன்றின் விலை பெரும்பாலும் அதைத் தாண்டும். பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள்: புடவைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையையும் கன்னத்தையும் மூடிக் கட்டிய துண்டு. நெருக்கமாக நெய்த துணி எந்தக் க்ரீமுக்கும் இளைத்ததல்ல, வியர்வையில் வழிவதுமில்லை. அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் யாரும் அந்தச் சட்டையைப் பற்றி எழுதுவதில்லை. எழுதியிருந்தால் கல்லூரிப் பெண்களும் ஸ்கூட்டரில் அதை வெட்கப்படாமல் போட்டிருப்பார்கள்.

பார்லர் நடத்துபவர்களைக் குற்றவாளிகளாக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு மாதத்தை ஒட்டிய பயிற்சியில் புருவம் எடுக்கவும் பேக் போடவும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். தோல் நோய் பார்க்க எம்.பி.பி.எஸ்ஸுக்கு மேல் மூன்றாண்டு படிக்கவேண்டியிருக்கிறது. ஆனால் நல்ல வெளிச்சத்தில், கைக்கெட்டும் தொலைவில், ஊர்ப் பெண்களின் முகங்களை அவர்கள் அளவுக்குப் பார்ப்பவர் வேறு யாருமில்லை. தேமல் என்று வாடிக்கையாளர் சொல்கிற வெளிறிய படையில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6 மாதமோ 12 மாதமோ இலவச மாத்திரையில் குணமாகிவிடும். ஸ்டீராய்டில் சிவந்த முகத்தை அடையாளம் காண்பதும் கடினமில்லை. பயிற்சியில் இதற்கு இரண்டு வகுப்பு ஒதுக்கி, எந்த முகத்தைத் தொடாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு ஃபேஷியல் கட்டணம் போகும். அந்த வாடிக்கையாளர் போகமாட்டார்.