மூங்கைப் பிள்ளையின் கண்ணீர்: புள்ளியிடலும் விமரிசனமும் பற்றிய சில குறிப்புக்கள்

கூடியிருந்து கருத்தாடும் அவையொன்றிலே, ஓர் உறுப்பினர் கூறியதை ஏனைய உறுப்பினர் புள்ளியிட்டு மதிப்பிடுதல் தகுமா என்னும் வினா அண்மைக் காலத்திலே பலவிடத்தும் எழுகின்றது. படிக்கப்பட்ட கட்டுரைக்கு, அது பற்றிய கலந்துரையாடல் தொடங்குமுன்னரே, சபையோர் பத்துக்கு இத்தனை எனத் தாளிலே குறித்துக் கொடுப்பதும், கூடிய புள்ளி பெற்றவற்றை முன்வைத்து ஏனையவற்றைப் பின்தள்ளுவதும் இம்முறையின் இயல்பாகும். இதனை வேண்டுவோர் கூறும் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவையிலே பேசுவோர் எக்காலத்தும் ஒரு சிலரே, கேட்டிருப்போர் பலர். பேசாதவர்க்கும் கருத்து உண்டு. அது வெளிப்படுவதற்கு ஒரு வழி வேண்டும் என்பர். வேண்டாதோரோ, கருத்தைக் கருத்தாலன்றி எண்ணால் எதிர்கொள்ளலாகாது என்பர். இரு சாராரும் இப்பிரச்சினை நம் காலத்திலே புதிதாகத் தோன்றியதெனவே எண்ணுவதாகத் தெரிகின்றது. ஆனால் தமிழிலே இதனை நேர்முகமாக எதிர்கொண்ட பழங்கதை ஒன்றுண்டு. இறையனார் களவியலுரையின் முகப்பிலே அமைந்துள்ள அக்கதையை விமரிசன நோக்கிலே மீண்டும் படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களவியலுரையை அச்சிலே நமக்குத் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901). 1883ஆம் ஆண்டிலே அவர் அதனைப் பதிப்பித்தார். அவ்வுரை கூறும் வரலாறு வருமாறு: பாண்டி நாட்டிலே பன்னீரியாண்டு பஞ்சம் நிலவிற்று. புலவரைப் பிற நாடுகளுக்குப் போக்கிய அரசன், நாடு செழித்த பின் அவர்களைத் தேடுவித்தான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர்; பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். அரசன் கவலையுற, ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரம் செய்து மூன்று செப்பிதழில் எழுதித் தன் பீடத்தின் கீழ் இட்டான். நூல் கிடைத்ததும் சங்கப் புலவர் தத்தமக்குத் தோன்றியவாறு உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்பதை அவர்களால் தம்முள்ளே துணிய முடியவில்லை. ஆகவே தமக்கொரு காரணிகனைத் தரும்படி அரசனை வேண்டினர். இத்தகைய புலவர்களுக்கு நடுவராக இருக்கத்தக்கவனை அவன் எங்ஙனம் தேடுவான்? இறுதியிலே தெய்வ வாக்கு ஒன்று உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனைச் சுட்டிற்று. அவன் ஐந்து வயதுப் பிள்ளை. பிறவி மூங்கை, அதாவது ஊமை. அவனை வெண்டுகில் உடுத்தி, வெண்பூச் சூட்டி, பலகையில் இருத்திப் புலவரெல்லாம் உரை படித்தனர். பிள்ளை வாளாவிருந்தான். மதுரை மருதனிளநாகனார் உரைத்தபோது ஒரோவிடத்து அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்பக் கண்டனர். கணக்காயனார் மகனார் நக்கீரர் உரைத்தபோதோ அது சொல்தோறும் நிகழ்ந்தது. மெய்யுரை பெற்றோம் என அவை மகிழ்ந்தது.

இதனை வரலாறாகக் கொள்வார் இன்று இலர். உரைக்கு அதிகாரம் தேடும் பொருட்டுப் பிற்காலத்தார் புனைந்த கதை என்று ஒதுக்குவதோடு பலர் அமைந்துவிடுவர். புனைந்தவர் மதிப்பீட்டைப் பற்றி என்ன எண்ணினார் என்பதே ஈண்டு நமக்கு வேண்டற்பாலது. நடுவரைக் குறிக்க அவர் ஆண்ட சொல் காரணிகன் என்பது. காரணத்தை ஆராய்ந்து தெளிபவன் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆனால் இக்கதையின் காரணிகனோ ஒரு காரணமும் கூற இயலாதவன். பேச்சில்லாதவன் என்பதனால் அவனிடம் வாதமில்லை. குழந்தை என்பதனால் கட்சியில்லை. கற்றோர் தம்முட் பூசலிட்டு முடிவு காணாதபோது, கல்லாத உள்ளத்தின் நேர்மையான அசைவே சான்றாகும் என்று கதை கருதுகின்றது. புள்ளியிடலை வேண்டுவோரின் வாதம் இதனினும் வேறன்று. பேசாத கேள்வியாளனே உருத்திரசன்மன். அவன் தாளிலே இடும் எண்ணே அக்கண்ணீர்.

விந்தை யாதெனின், இக்கதையைத் தன் முகப்பிலே தாங்கி நிற்கும் உரை, அடுத்த பக்கத்திலிருந்தே வேறொரு வழியிற் செல்கின்றது. ஒரு சொல்லைக் கூறினால், அஃது ஏன் கூறப்பட்டது என்று வினாவுகின்றது. வினாவுக்கு விடை கூறி, விடைக்கொரு தடை எழுப்பி, தடையை நீக்கிப் பின்னரே மேற்செல்கின்றது. தமிழுரைநடையின் தொடக்க காலத்திலே இத்துணைச் சளைக்காது வினவும் நூல் பிறிதொன்று காண்டல் அரிது. கண்ணீரால் வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் உரை, தன் மாணாக்கனிடம் ஓரிடத்தேனும் கண்ணீரை எதிர்பார்க்கவில்லை. நக்கீரருக்குப் பின் ஆசிரியர் மாணவர் எனப் பல தலைமுறை கடந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரை அவ்வுரை அடைந்தது என நூலே கூறும். அவ்வழிவந்தோர் பெற்றுக் காத்தது பிள்ளையின் தீர்ப்பையன்று, வினாவையும் விடையையுமே.

நக்கீரர் பெயரோடு இணைந்த மற்றொரு கதையையும் இதன் அருகே வைத்து நோக்குதல் தகும். திருவிளையாடற் புராணம் விரித்துக் கூறுவதும், 1965ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் எல்லார்க்கும் தெரிந்ததுமாகிய தருமியின் கதையே அது. ஆங்கு, பாடலைக் கேட்ட அரசன் தன் ஐயம் தீர்ந்ததென மகிழ்ந்து பொற்கிழியை வழங்கச் சொல்லிவிட்டான். புள்ளி இடப்பட்டுவிட்டது எனலாம். கீரர் அதனைத் தடுத்துக் குற்றம் இன்னதென்று எடுத்துச் சொன்னார். இறைவனே எதிர்வந்த போதும் காரணத்தைக் கைவிடவில்லை. காரணமில்லாத் தீர்ப்பாலே வென்றவர் எனச் சொல்லப்பட்டவரே, காரணமில்லாத் தீர்ப்பை ஏற்க மறுத்தவர் எனவும் சொல்லப்படுகின்றார். ஒரே பெயரின் மீது இவ்விரண்டையும் ஏற்றி வைத்த மரபு, இரண்டுக்குமிடையே உள்ள முரணை உணராதிருந்தது என நான் நம்பவில்லை.

மீண்டும் களவியலுரைக் கதைக்கு வருவோம். மருதனிளநாகனாருக்கு ஒரோவிடத்து, நக்கீரருக்குச் சொல்தோறும். வேறுபாடு தரத்திலன்று, தொகையிலேயே காட்டப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். அஃதாவது கண்ணீர் எண்ணப்பட்டது. எண்ணப்பட்டதும் தொகை கூடிய உரை நின்றது; ஏனைய உரைகள் மறைந்தன. கதையை அவ்வாறே கொண்டு பேசின், மருதனிளநாகனார் உரையிலும் பிள்ளையைக் கண்ணீர் வார்க்கச் செய்த இடங்கள் சில இருந்தன. அவை எவை? நக்கீரர் காணாத பொருளை அவ்விடங்களில் அவர் கண்டிருந்தாரா? அறிவதற்கு வழியில்லை. மொத்தத்திலே தோற்றமையால், வென்ற இடங்களும் உடன் அழிந்தன.

கலைப்படைப்பை வெளிப்படையாக எண்ணாலே அளக்க முற்பட்ட ஐரோப்பியர் ஒருவரின் முயற்சி இதனை இன்னும் தெளிவாக்கும். பிரான்சிய ஓவிய விமரிசகரான ரொஜே த பீல் 1708ஆம் ஆண்டிலே பாரிசில் வெளியிட்ட ஓவிய நூலின் இறுதியிலே, புகழ்பெற்ற ஓவியர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோருக்குப் புள்ளி வழங்கும் அட்டவணை ஒன்றைச் சேர்த்தார். அமைப்பு, வரைவு, வண்ணம், உணர்ச்சி வெளிப்பாடு என நான்கு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இருபது. ரபாயேல் பெற்றவை முறையே 17, 18, 12, 18. ரூபன்ஸ் பெற்றவை 18, 13, 17, 17. கூட்டிப் பார்ப்பின் இருவருக்கும் 65. ஓவியம் பற்றிச் சிறிதளவேனும் அறிந்தவர், இவ்விருவரினும் ஒருவரோடொருவர் ஒவ்வாத ஓவியரைக் காண்பது அரிது என்பர். வரைவா வண்ணமா என்று அக்காலத்துப் பிரான்சிலே நடந்த பெருவிவாதமே இவ்விருவரின் வேறுபாட்டைச் சுற்றி நிகழ்ந்தது. த பீல் அதில் வண்ணத்தின் பக்கம் நின்றவர். அவ்விவாதம் முழுவதும் கூட்டுத்தொகையிலே காணாமற் போய்விடுகின்றது. கறவாஜ்ஜியோவுக்கு அவர் உணர்ச்சி வெளிப்பாட்டிற்கு இட்ட புள்ளி சுழியம்! 1951ஆம் ஆண்டு மிலான் நகரிலே நிகழ்ந்த கறவாஜ்ஜியோ கண்காட்சிக்குப் பின் அச்சுழியத்தை ஒப்புவார் எவருமிலர்.

ஆயினும் த பீலுக்கு நாம் நியாயம் செய்தல் வேண்டும். பிறரைத் தம் கருத்துக்கு இழுக்க அன்றித் தம் மகிழ்ச்சிக்காகவே இதனைச் செய்ததாக அவரே கூறியுள்ளார். அன்றியும், அவர் தம் பெயரிட்டே புள்ளியிட்டார். எக்கூறுக்கு எத்தனை என்று பிரித்துக் காட்டினார். அதனாலன்றோ மூன்று நூற்றாண்டு கழிந்தும் அவரோடு நாம் வாதிட முடிகின்றது. இன்று அவைகளிலே வேண்டப்படும் புள்ளிக்கு இவ்விரு தகுதியுமில்லை. இட்டவர் பெயரில்லை, இட்ட காரணமில்லை, எஞ்சுவது சராசரி ஒன்றே. இருபதின்மர் உள்ள அவையில் இருபதின்மரும் ஒரு கட்டுரைக்கு ஐந்து ஐந்தாக இடுகின்றனர் எனக் கொள்வோம். மற்றொரு கட்டுரைக்குப் பதின்மர் பத்தும் பதின்மர் சுழியமும் இடுகின்றனர். முன்னது எவரையும் அசைக்காத கட்டுரை. பின்னது அவையை இரண்டாகப் பிளந்த கட்டுரை. கலந்துரையாடல் மிகுதியும் வேண்டுவது பின்னதற்கே. சராசரியோ இரண்டுக்கும் ஐந்து. இதனை அளவை என்று கூறுவது அளவை என்னும் சொல்லுக்கே இழுக்கு.

நன்னூலார் தம் பொதுப்பாயிரத்திலே நூலாசிரியர் மேற்கொள்ளும் மதங்கள் ஏழெனக் கூறுவர். பிறர் கூற்றுக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு சென்று பின்னர்க் களைவது, தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபட்ட இடத்து ஒருவர் பக்கத்தைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக் காட்டுவது, பிறரோடு சாராது தன் கருத்தைக் கொள்வது என்பன ஏனையவை. மாணவப் பருவத்திலே இவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதியதோடு நம்மிற் பலர் மறந்துவிட்டோம். கருத்தாடலின் வகைகளை இத்துணை நுட்பமாகப் பிரித்தறிந்த ஒரு மரபு தமிழுக்குண்டு. புள்ளித்தாள் இவற்றுள் முதலிரண்டுக்கு மாத்திரமே இடமளிக்கின்றது. ஏற்று நடந்து பின் களைபவன் எவ்வெண்ணை இடுவான்? அவனுக்கு நேரமும் சொல்லும் வேண்டும்.

இதற்கொரு மறுப்புண்டு, அது வலிமையானது. காரணம் கூறுதல் என்பது கற்றவர் கையிலுள்ள கருவி. சொல்வன்மை படைத்தவன் பிழையான கருத்தையும் நிலைநாட்டுவான். சொல்லற்றவன் மெய்யுணர்ந்தும் வாய்மூடி இருப்பான். ஈழத்திலே 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த இழிசனர் வழக்குப் பற்றிய விவாதத்தை நினைவு கூர்வோர் இதனை எளிதில் உணர்வர். டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைச் சிறுகதையிலே கொண்டுவந்தபோது, மரபு பேணியோர் அதனை இழிசனர் வழக்கு என்றனர். எவருடைய பேச்சு இழிந்ததெனப்பட்டதோ அவர்கள் அன்றைய அவைகளிலே பேச அழைக்கப்பட்டவரல்லர். மூங்கைப் பிள்ளைகள் என்று அவர்களைத்தான் கூறவேண்டும். ஒரு வேறுபாடு, அவர்களைப் பலகையில் இருத்துவார் இருந்திலர்.

ஆனால் அன்றைய புலமையுலகினரிடம் தாள் கொடுத்துப் புள்ளி கேட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அச்சிறுகதைகள் குறைந்த புள்ளி பெற்று ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், எதிர்ப்பு சொல்லாலே வந்தமையேயாம். மரபு மீறப்படுகின்றது என்று ஒருவர் எழுதினால், மரபு யாது, அஃது எவருடையது என்று மற்றொருவர் கேட்க முடிந்தது. கைலாசபதி, சிவத்தம்பி முதலியோரின் விமரிசனம் வளர்ந்தது அத்தகைய விவாதங்களினூடே என்பதை எவரும் மறுக்கார். பத்துக்கு இரண்டு என்னும் எண்ணிடம் என்ன கேட்பது? பேசாதவரின் மௌனத்துக்கு மருந்து, அவர்க்குப் பேச இடமும் நேரமும் கொடுப்பதே. மௌனத்தை எண்ணாக மாற்றி எடுத்துக்கொண்டு, அவர்களும் பங்குகொண்டார்கள் என்று திருப்தியடைவது எளிய வழி, அவ்வளவே.

இனி, புள்ளித்தாள் வேண்டாம் என்று மாத்திரம் சொல்லி அமைவதும் போதாது. உருத்திரசன்மன் தந்தது வெறும் எண்ணன்று; ஓர் இடத்தை அவன் காட்டினான். இவ்விடத்திலே என் மெய் சிலிர்த்தது என்பது காரணமாகாது. ஆனால் காரணத்தைத் தேடுவதற்குரிய இடம் அது. ஆகவே ஆய்வரங்கிலே கட்டுரையின் பிரதி எல்லார் கையிலும் இருக்கட்டும். தம்மைத் தொட்ட இடத்துக்கும் தடுத்த இடத்துக்கும் உறுப்பினர் ஓரத்திலே கோடிட்டு, பெயரெழுதிக் கொடுக்கட்டும். கலந்துரையாடல் அக்கோடுகள் மிகுந்த இடங்களிலும், ஒருவர் தொட்டது என்றும் மற்றொருவர் தடுத்தது என்றும் குறித்த இடங்களிலும் தொடங்கட்டும். எக்கோடும் கூட்டப்படவேண்டியதில்லை. அவ்வாறு செய்திருப்பின் மருதனிளநாகனார் உரையின் அச்சில இடங்களேனும் நம் கைக்கு எட்டியிருக்கும்.

களவியலுரைகாரர் தம் வரலாற்றினிடையே ஒரு திருத்தத்தையும் செய்துள்ளார். இவ்வுரையை உருத்திரசன்மனே செய்தான் என்று கூறுவாரும் அக்காலத்தில் இருந்தனர் போலும். மதிப்பிட்டவனையே ஆக்கியவன் எனக் கொள்ளும் மயக்கம் அத்துணை விரைவிலே தோன்றிவிட்டது. உரைகாரர் அதனை ஒரு வாக்கியத்திலே மறுத்துச் செல்கின்றார்: அவன் உரையைச் செய்தவன் அல்லன், கேட்டவன்.