மேலே நீண்டு கீழே குறுகிய வில்

யூமி எனும் ஜப்பானிய வில்லை முதன்முறை பார்ப்பவர்களுக்கு, செய்தவர் அளவு தவறிவிட்டாரோ என்றுதான் தோன்றும். ஏழடிக்கும் மேல் உயரம், 221 செ.மீ. இன்றைய வழக்கமான அளவு. பிடியோ நடுவில் இல்லை, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சீன வரலாற்று நூல், ஜப்பானியரின் வில் கீழே குறுகி மேலே நீண்டிருப்பதைக் குறித்துவைத்திருக்கிறது. ஜப்பானிய ஆயுதங்களில் வாளைத்தான் உலகம் கொண்டாடுகிறது. என் வாக்கு இந்த வில்லுக்கே.

கியூஷூ தீவிலுள்ள மியாகோனோஜோ நகரில்தான் இன்று மூங்கில் விற்களில் பெரும்பகுதி உருவாகிறது. குளிர்காலத்தில் வெட்டிய மூங்கிலை மாதக்கணக்கில் காயவைக்கிறார்கள். நெருப்பில் வாட்டிய மெல்லிய மூங்கில் பட்டைகளை வரிசையாக அடுக்கினால் வில்லின் உள்தண்டு தயார். அதன் இரு ஓரங்களிலும் மரச்சட்டம், முன்னும் பின்னும் மூங்கில் பத்தை. பசை தடவி, நீளம் முழுக்கக் கயிறு சுற்றி, கயிற்றுக்கும் வில்லுக்கும் நடுவே மூங்கில் ஆப்புகளை ஒவ்வொன்றாக அடித்து இறக்குகிறார்கள். ஆப்பு இறங்க இறங்க வில்லை வளைத்துக்கொண்டே போக வேண்டும். எங்கே எவ்வளவு வளைப்பது என்பதைக் கண்ணும் கையும்தான் தீர்மானிக்கின்றன. பசை இறுகுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். இப்படிப் பிறந்த வில், நாணைக் கழற்றினால் எதிர்ப்பக்கமாக வளைந்து நிற்கும்.

அந்தத் திமிறலை எய்யும்போது பார்க்கலாம். மான்தோல் கையுறை அணிந்த வலக்கைக் கட்டைவிரலில் நாண் மாட்டியிருக்கும். இழுப்பு காதையும் தாண்டிப் போகும். விட்ட கணத்தில், தேர்ந்தவர் இடக்கையில் வில் தானாகவே சுழன்று, நாண் முன்கையின் வெளிப்பக்கத்தில் வந்து நிற்கும். கை அதைத் திருப்புவதில்லை, திருப்பினால் தெரிந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் வில் சுழலாது, தளர்த்தினால் கையைவிட்டு நழுவும். அம்பை விடும்போது எழும் நாணொலிக்கு ‘ட்சுருனே’ என்று தனிப்பெயர் உண்டு. அந்த ஓசை தெளிவாக இருந்தால் எய்த விதமும் சரி என்பார்கள். அம்புகளிலும் நுட்பம் உண்டு. இறகுகள் வளையும் திசைக்கேற்ப, இணையில் ஓர் அம்பு வலமாகவும் மற்றது இடமாகவும் சுழன்று பறக்கும்.

இந்த வில்லின் வலிமைக்குச் சான்று கியோட்டோவின் சான்ஜூசாங்கென்டோ கோயில். அதன் தாழ்வாரம் ஏறத்தாழ 120 மீட்டர். அங்கு நடந்த வில்போட்டியில் அந்த நீளம் முழுவதையும் தாழ்ந்த கூரையில் படாமல் அம்பு கடக்க வேண்டியிருந்தது. 1686இல் வாசா டைஹாச்சிரோ என்ற வீரர் ஒரு பகல் ஓர் இரவில் 13,053 அம்புகளை எய்தார். 8,133 அம்புகள் மறுமுனையைத் தொட்டன.

கண்ணாடி இழை விற்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. பழகுவோருக்கு அவை போதும். மூங்கில் வில்லோ வெயிலுக்கும் குளிருக்கும் வடிவம் மாறும். எய்பவர் தினமும் அதன் வளைவைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கவனிப்பைக் கேட்டு வாங்குவதாலேயே அது உயர்ந்தது என்பேன்.

க்யூடோ எனும் ஜப்பானிய வில்வித்தையைக் காண வாய்த்தால், 28 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கைப் பிறகு பாருங்கள். முதலில் எய்பவரின் இடக்கையைக் கவனியுங்கள்.