காற்றும் கண்ணாடியும்

‘பசுமைக் கட்டடம்’ என்னும் சொல் இன்று எங்கும் ஒலிக்கிறது. மின்சாரச் சிக்கனம், மழைநீர்ச் சேமிப்பு, கூரைமேல் சூரியத் தகடுகள் எனப் புதிய காரியாலயங்கள் தம் சிறப்புகளை அடுக்கிச் சான்றிதழும் பெறுகின்றன. இவை வேண்டாதன என்று நாம் கூறவில்லை. ஆயின் ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்று கேட்கும்போதே, அது யாருக்குத் தண்மை தருகிறது, யாரை வெயிலில் நிறுத்துகிறது என்றும் கேட்டல் வேண்டும். இலக்கியத்துக்கு நாம் கொள்ளும் உரைகல் கட்டடக் கலைக்கும் பொருந்துவதே.

இவ்வாறு உரைத்துப் பார்க்கத்தக்க நல்ல சான்று ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003) கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக 1976-78 காலத்தில் அமைத்த 12 மாடிக் காரியாலயமே அது. பின்னர் அது மகாவலிக் கட்டடம் எனப்பட்டது. பசுமைச் சான்றிதழ்கள் பிறப்பதற்கு முன்பே எழுந்த கட்டடம். அதன் தளங்கள் அகலம் குறைந்தவை. ஆதலால் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் வரை சென்று வெளியேறும். வெளியே நீண்ட மேல்தளம் கீழ்த்தளத்துச் சன்னலுக்கு நிழலாகும். சன்னல்களின் அடியில் தனியே காற்றுவழிகள் உள்ளன. மழைக்குச் சன்னலைச் சாத்தினாலும் காற்று நிற்பதில்லை.

இங்கே காற்றுக்குப் பதவி வேறுபாடு இல்லை. பணிப்பாளரின் மேசையைத் தீண்டும் காற்றே இலிகிதரின் மேசையையும் கடந்து செல்கிறது. இதுவே அவ்வமைப்பின் உயர்வு. அதன் எல்லையும் இதிலேயே உள்ளது. இத்தகைய தளத்தின் நடுவே அதிகாரிகளுக்கெனத் தனியறைகளைத் தடுத்துவிட்டால் காற்றின் வழி அடைபடும். அடைபட்ட இடத்துக்குக் குளிரூட்டி வந்து சேரும். நல்ல கட்டடம் சமத்துவத்துக்கு இடம் அமைத்துத் தரலாம். சமத்துவத்தை உண்டாக்கிவிட அதனால் இயலாது. அது மனிதர் செய்யவேண்டிய காரியம்.

1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம் வேறொரு பாதையைக் காட்டிற்று. கண்ணாடிச் சுவர் முன்னேற்றத்தின் முகமாயிற்று. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது. குளிரூட்டி அவ்வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே நிற்பவர் யார்? காணிப் பத்திரத்துக்கு வந்த விவசாயியும், உதவிப் பணத்துக்கு வந்த விதவையும் அல்லவா? உள்ளே ஒருவர் பெறும் குளிர்ச்சி, விறாந்தையில் காத்திருக்கும் ஒருவர்மீது அனலாக வீசுகிறது.

பாவாவின் பாடம் கொழும்பைவிட மன்னார் மாவட்டத்துக்கே மிகுதியும் தேவை. மடுவின் ஆவணித் திருவிழாவில் காட்டு மரநிழலில் கூடாரமடித்துத் தங்கியோர்க்கு, நிழலும் காற்றும் சேர்ந்தால் வெப்பம் எவ்வளவு தணியும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இவ்வுலர்வலயத்தில் காரியாலயத்தின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கல் வேண்டும். காலை மாலை வெயில் தாக்கும் கிழக்கு மேற்குச் சுவர்கள் குறுகுதல் வேண்டும். கூரை உயர்ந்து, இறவாரம் தாழ்ந்து, மக்கள் காத்திருக்கும் விறாந்தையே கட்டடத்தின் மிகத் தண்ணிய இடமாதல் வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வலுத்து வீசும் தென்மேல் காற்றை மரவரிசையால் மணல் வடித்து உள்ளே அழைக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

அதே காற்றை நம்பி 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் ‘தம்பபவனி’ மின்நிலையம் திறக்கப்பட்டது: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட் திறன். மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்து 2025இல் தீவு மக்கள் வீதியில் இறங்கினர். மீன்பிடியும் வெள்ளநீர் வடியும் வழிகளும் அவர்களுடைய கவலை. தூய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் திறவாத சன்னல்களுக்குப் பின்னே அம்மின்சாரத்தை வீணாக்கும் கட்டடங்களை எழுப்பிக்கொண்டே, கரையோர மக்களைத் தியாகம் செய்யுங்கள் என்று கேட்பது எந்த நீதி?

சன்னலைத் திறக்கும் உரிமை கடைசி ஊழியனுக்கும், நிழலில் அமரும் உரிமை கடைசியாக வந்த குடிமகனுக்கும் கிடைக்கும் கட்டடமே பசுமையானது. பிற யாவும் பச்சை வர்ணமே.